கடவுளுக்கு எதுக்கு உடம்பு? கிறிஸ்மஸுக்குள்ள இருக்குற கேள்வி

டிசம்பர் பொறந்துட்டா வீட்டு வாசல்ல ஸ்டார் தொங்கும், சர்ச்ல கேரல் ரவுண்ட்ஸ்க்கு தெரு தெருவா லிஸ்ட் போடுவாங்க, பேக்கரியில பிளம் கேக் அடுக்கிடுவாங்க. கிறிஸ்மஸ்னா என்னங்கன்னு யாராச்சும் கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒன்னுதான், இயேசுவோட பொறந்தநாள். தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா இது வெறும் பொறந்தநாள் விசேஷம்னா, ஆரம்பத்துல இருந்த கிறிஸ்தவங்க ஏன் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் இத கொண்டாடவே இல்ல? அவங்களுக்கு இயேசு மேல பாசம் கம்மியா? சாவுக்கே துணிஞ்சவங்க அவங்க. ஈஸ்டர கொண்டாடுனாங்க, ஞாயித்துக்கிழமை தவறாம கூடுனாங்க, ரத்த சாட்சியா செத்தவங்களோட நினைவு நாள அனுசரிச்சாங்க, ஆனா இயேசு பொறந்த நாளுக்குன்னு ஒரு விழா இருந்ததுக்கு அந்தக் காலத்துல பெரிசா தடயமே இல்ல. மூணாம் நூற்றாண்டுல ஓரிகேன்ங்கிற பெரிய அறிஞர் இன்னும் ஒரு படி மேல போயி, பைபிள்ல பொறந்தநாள் கொண்டாடுறவங்க பார்வோன், ஏரோது மாதிரி கெட்ட ராஜாக்கள்தான், பரிசுத்தவான்கள் யாரும் கொண்டாடலன்னு கிண்டலா சொல்லி வச்சிருக்காரு.

சுவிசேஷங்கள எடுத்துக்கிட்டாலும் இதே கதைதான். நாலுல ரெண்டுல மட்டும்தான் பிறப்புக் கதை இருக்கு, மத்தேயுவும் லூக்காவும். மாற்கு நேரா யோர்தான் நதியில ஞானஸ்நானத்துல ஆரம்பிச்சிடுறாரு. யோவான் மாட்டுக்கொட்டில், மேய்ப்பர், நட்சத்திரம் எதையும் தொடாம "அந்த வார்த்தை மாம்சமாகி"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. பவுல் இத்தனை கடிதம் எழுதியும் பிறப்ப பத்தி சொன்னது, ஸ்திரீயினிடத்தில் பிறந்தவர்னு கலாத்தியருக்கு எழுதுன ஒரு வசனம் அளவுக்குத்தான்.

அப்போ எப்படி இது இவ்ளோ பெரிய பண்டிகையாச்சு, அதுக்குள்ள விசுவாச ரீதியா என்ன இருக்குங்கிறதுதான் இங்க விஷயம்.

முதல்ல தேதி பஞ்சாயத்த முடிச்சிடுவோம், ஏன்னா டிசம்பர் வந்தாலே வாட்ஸப்ல இது ஒன்னு சுத்தும். டிசம்பர் 25ங்கிற தேதிக்கு நம்ம கையில இருக்குற பழைய ஆதாரம், ரோமாபுரியில 354ல தொகுத்த ஒரு காலண்டர் புத்தகம், அதுல இருக்குற ஒரு பட்டியல் 336 வாக்குல உள்ளது. சூரிய தேவனோட பண்டிகைய கிறிஸ்தவங்க தூக்கிக்கிட்டாங்கன்னு ஒரு கட்சி சொல்லும். 274ல ஆரேலியன்ங்கிற பேரரசர் வெல்ல முடியாத சூரியனுக்கு கோயில் கட்டுனது உண்மைதான், ஆனா டிசம்பர் 25ல சூரியனுக்கு விழா இருந்துச்சுங்கிறதுக்கான தெளிவான ஆதாரமும் அதே 354 புத்தகத்துலதான் இருக்கு. இன்னொரு கட்சி, இயேசு செத்தது மார்ச் 25, தாயோட வயித்துல உருவானதும் அதே நாள்தான்னு அந்தக் கால கிறிஸ்தவங்க நம்புனாங்க, அதுலருந்து ஒன்பது மாசம் எண்ணுனா டிசம்பர் 25 வருதுன்னு சொல்லுது. எனக்கு இந்த ரெண்டாவது கணக்குதான் கொஞ்சம் பொருத்தமா படுது, அதுல பிறப்பும் சாவும் ஒரே முடிச்சுல கட்டியிருக்கு. இது எதுவுமே தெரியாம போனாலும் பண்டிகையோட அர்த்தம் மாறாது. சர்ச்சு என்னிக்குமே தேதிய விசுவாசமா அறிக்கை பண்ணது கிடையாது.

உண்மையான சண்டை வேற ஒரு விஷயத்துல நடந்துச்சு. உடம்பு.

ரெண்டாம் நூற்றாண்டுல மார்சியோன்னு ஒருத்தர் இருந்தாரு, கருங்கடல் ஓரத்து ஊர்க்காரர், ரோமாபுரிக்கு வந்து தனியா ஒரு சபையே நடத்துனாரு. அவருக்கு இந்த உலகத்த படைச்ச கடவுள் மேல மரியாதை கிடையாது, இந்த சதை, ரத்தம், பிரசவம் எல்லாமே அசிங்கம்னு நினைச்சாரு. அதனால லூக்கா சுவிசேஷத்துல பிறப்புக் கதைய அப்படியே வெட்டித் தூக்கிட்டாரு. அவரோட பிரதியில இயேசு யாருக்கும் பொறக்கல, வளரல, முழு ஆளா வானத்துலருந்து நேரா கப்பர்நகூமுக்கு எறங்கி வந்துடுறாரு. இவரு மட்டும் இல்ல, இயேசுவுக்கு இருந்தது நிஜ உடம்பே கிடையாது, சும்மா ஒரு தோற்றம்தான், சிலுவையில வலிச்ச மாதிரி தெரிஞ்சுது ஆனா வலிக்கலன்னு சொன்ன கூட்டம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. அந்தியோகியா பிஷப் இக்னேஷியஸ், ரோமாபுரியில மிருகங்களுக்கு இரையாகப் போற வழியில எழுதுன கடிதங்கள்ல திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான், அவர் நிஜமா பொறந்தாரு, நிஜமா சாப்ட்டாரு குடிச்சாரு, நிஜமா செத்தாரு. அது எல்லாம் வெறும் தோற்றம்னா நான் எதுக்குய்யா இந்தச் சங்கிலியோட சாகப் போறேன்னு கேக்குறாரு. நியாயமான கேள்விதானே.

மார்சியோனுக்கு பதில் சொல்லணும்னு கார்த்தேஜ் ஊர்க்காரர் தெர்த்துல்லியன் கிறிஸ்துவோட மாம்சத்த பத்தின்னே தனியா ஒரு நூல் எழுதுனாரு, மூணாம் நூற்றாண்டு ஆரம்பத்துல. அந்த ஆள் கொஞ்சம் கோவக்காரர், நாக்கும் ரொம்ப கூர்மை. கருப்பைக்குள்ள இருக்குற ரத்தம், தண்ணி, பத்து மாசம் ஊர்ற சதை, வெளிய வரும்போது இருக்குற அழுக்கு எல்லாத்தையும் கூச்சமே இல்லாம வரிசையா அடுக்கிட்டு, இதெல்லாம் உனக்கு அருவருப்பா இருக்குல்ல, நீ எப்படிப்பா பொறந்தன்னு மார்சியோன பாத்து கேக்குறாரு. இப்படி அழுக்குலயும் வலியிலயும் பொறக்குற மனுசனத்தான் கிறிஸ்து நேசிச்சாரு, மனுசன நேசிச்சா அவன் பொறக்குற விதத்தையும் சேத்துத்தான் நேசிச்சாகணும்ங்கிறது அவரோட வாதம். எனக்கு தெரிஞ்சு கிறிஸ்மஸ் பத்தி சொன்னதுலயே ரொம்ப நேர்மையான பேச்சு இதுதான், இத்தனைக்கும் அவர் எழுதுன காலத்துல கிறிஸ்மஸ்னு ஒரு பண்டிகையே கிடையாது.

நம்ம ஊர் கிறிஸ்மஸ் கார்டுல குழந்தை இயேசு பளபளன்னு, முகத்துக்கு பின்னாடி வெளிச்சத்தோட, அழாம சிரிச்சிக்கிட்டு படுத்திருப்பாரு. மார்சியோன் பாத்தா சந்தோசப்பட்டிருப்பாரு. விசுவாச அறிக்கை சொல்றது வேற ஒரு குழந்தைய, பசிச்சா வீல்னு கத்துற, துணிய நனைக்கிற, கழுத்து நிக்காத, அம்மா தூக்கலைன்னா உயிர் பிழைக்க முடியாத குழந்தைய. வானத்தையும் பூமியையும் படைச்சவர் ஒரு டீனேஜ் பொண்ணோட பால நம்பி இருந்தாருன்னு சொல்ற தைரியம் வேற.

நாலாம் நூற்றாண்டுல சிக்கல் எதிர்ப்பக்கத்துலருந்து வந்துச்சு. அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்ங்கிற குருவானவர், மகன் பெரியவர்தான், எல்லாத்துக்கும் முந்துனவர்தான், ஆனா அவரும் படைக்கப்பட்டவர், பிதாவுக்கு சமமான கடவுள் இல்லன்னாரு. 325ல நைசியா சங்கம் கூடி, மகன் பிதாவோட ஒரே தன்மையுள்ளவர்னு அடிச்சு சொல்லுச்சு. ஆனா சண்டை அதோட முடியல, அடுத்த அம்பது அறுபது வருஷம் ஓடுச்சு. கவனிச்சு பாத்தீங்கன்னா கிறிஸ்மஸ் ஊர் ஊரா பரவுனதும் இதே காலகட்டம்தான். 380 வாக்குல கான்ஸ்டான்டினோப்பிள்ல நசியான்சு கிரிகோரி இந்த விழாவுக்கு பிரசங்கம் பண்றாரு, 386ல அந்தியோகியாவுல யோவான் கிறிசோஸ்தோம், இந்த விழா நம்ம ஊருக்கு வந்து இன்னும் பத்து வருஷம்கூட ஆகலன்னு சொல்லி ஜனங்கள கூப்பிடுறாரு. ஒரு பக்கம் அவர் நிஜ மனுசன் இல்லங்கிறவங்க, இன்னொரு பக்கம் அவர் நிஜக் கடவுள் இல்லங்கிறவங்க, ரெண்டு பேருக்கும் பதில் சொல்ற மாதிரி வருஷா வருஷம் ஒரு குழந்தைய காட்ட ஒரு நாள் அமைஞ்சது தற்செயல்னு எனக்கு தோணல. அப்புறம் 431ல எபேசு சங்கம் மரியாள கடவுளோட தாய்னு கூப்பிடலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு, 451ல கால்செதோன் சங்கம் அவர் முழுக்க கடவுள், முழுக்க மனுசன், பாவம் தவிர மத்த எல்லாத்துலயும் நம்ம மாதிரின்னு வரையறுத்துச்சு.

சரி, இதெல்லாம் பிஷப்மாருங்க சண்டை, நமக்கென்னன்னு தோணலாம். இங்கதான் இரட்சிப்பு வருது.

அப்பொல்லினாரியுஸ்னு ஒரு பிஷப், இயேசுவுக்கு மனுச உடம்பு இருந்துச்சு ஆனா மனுச மனசு இல்ல, அந்த இடத்துல தெய்வீக வார்த்தை இருந்துச்சுன்னு ஒரு சமாதானம் சொன்னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. கிரிகோரி அதுக்கு எழுதுன பதில்ல ஒரு வாக்கியம் இன்னிக்கு வரைக்கும் நிக்குது, அதோட சாரம் இதுதான்: அவர் எத எடுத்துக்கலயோ அது குணமாகல. ஒரு வீட்ல எந்த ரூமுக்கு வயர் இழுக்கலயோ அந்த ரூம் இருட்டாத்தான் இருக்கும், மாடி முழுக்க சீரியல் லைட் போட்டாலும். மனுச மனச அவர் எடுத்துக்கலைன்னா என் மனசு அப்படியே கெட்டுப்போயி கெடக்கும், மனுசனோட பயத்த எடுத்துக்கலைன்னா என் பயத்துக்கு மருந்து இல்ல, சாவ எடுத்துக்கலைன்னா சாவுக்கு விடிவு இல்ல. அதனாலதான் குழந்தைப்பருவத்துலருந்து ஆரம்பிக்கிறாரு. அலெக்சாந்திரியா அத்தனாசியுஸ் இதையே இன்னும் துணிச்சலா, நாம தெய்வத்தன்மையில பங்கு பெறணும்னுதான் அவர் மனுசனானாருன்னு சொன்னாரு. கிழக்கத்திய சபைகள்ல கிறிஸ்மஸோட மையமே இந்த கொடுக்கல் வாங்கல்தான், அவர் நம்மளோடத எடுத்துக்கிட்டாரு, அவரோடத நமக்கு குடுத்தாரு.

தமிழ்ல இத பேசுறப்ப உடனே ஒரு கேள்வி வரும், வரணும்: கடவுள் மனுசனா வர்றதுதானே, நம்ம ஊர்ல அவதாரம்னு ஏற்கனவே இருக்கே? இந்த கேள்விய பயந்து ஓடாம கையில எடுத்தவர் வெங்கல் சக்கரை செட்டியார், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராவும் இருந்தவர், இந்து குடும்பத்துல பொறந்து கிறிஸ்தவரானவர். இயேசுவ அவதாரம்னே சொல்லி ஒரு நூல் எழுதுனாரு. அவர் காட்டுற வித்தியாசம் என்னன்னா, இந்த வருகை ஒரு வேலைய முடிச்சிட்டு வேஷத்த கலைச்சிட்டுப் போற மாதிரி இல்ல, கிறிஸ்து எடுத்த மனுசத்தன்மை நிரந்தரம். கிறிஸ்தவ நம்பிக்கைப்படி உயிர்த்தெழுந்தது உடம்போட, பரலோகம் போனது உடம்போட, காயத்தோட தழும்பு உட்பட. ஒரு தடவை மட்டும் நடந்துச்சு, திரும்ப நடக்காது, ஆனா முடிஞ்சும் போகல. இத ஒரு மதத்த விட இன்னொன்னு ஒசத்தின்னு சொல்றதுக்கு எடுத்துக்க வேணாம், என்ன நம்புறாங்கன்னு சரியா தெரிஞ்சுக்கிட்டா போதும்.

இப்போ எப்படி வந்தாருங்கிற பக்கம். எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீட்டிக்கிறேன்.

இன்னிக்கு துருக்கியில இருக்குற பிரியேனேங்கிற பழைய ஊர்ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது, கிமு 9ல போட்ட தீர்மானம். ஆசியா மாகாணத்துக்காரங்க காலண்டரையே மாத்தி, பேரரசர் அகுஸ்துவோட பொறந்தநாள்லருந்து வருஷம் ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. காரணம் என்ன போட்டிருக்காங்க? அவர் நமக்கு அனுப்பப்பட்ட இரட்சகர், போருக்கு முடிவு கட்டுனவர், அந்த தெய்வத்தோட பிறந்தநாள்தான் உலகத்துக்கு நற்செய்தியோட ஆரம்பம். அகுஸ்து தன்னோட காசுல தெய்வமாக்கப்பட்டவரின் மகன்னு போட்டுக்கிட்ட ஆளு. இத மனசுல வச்சுக்கிட்டு லூக்கா ரெண்டாம் அதிகாரத்த படிங்க. முதல் வரியிலயே அகுஸ்துராயன் பேரு வருது, உலகமெங்கும் குடிமதிப்பு எழுதச் சொல்லி உத்தரவு. ஆளு எண்ணுறது எதுக்கு, வரி போடத்தான். அந்த உத்தரவுக்கு பயந்து ஒரு நிறைமாசக் கர்ப்பிணி நாசரேத்துலருந்து பெத்லகேமுக்கு வர்றா, சத்திரத்துல இடமில்ல, பிள்ளைய துணியில சுத்தி முன்னணையில, அதாவது மாட்டுக்கு தீனி வைக்கிற தொட்டியில படுக்க வைக்கிறா. அந்த பிள்ளைய பத்தி தேவதூதருங்க மேய்ப்பருங்ககிட்ட சொல்றாங்க, நற்செய்தி, இரட்சகர், பூமியிலே சமாதானம். பேரரசருக்கு குடுத்த பட்டம் அத்தனையும் தொட்டியில கெடக்குற பிள்ளைக்கு! அந்தக் காலத்து ஆள் யாராச்சும் இத கேட்டிருந்தா திரும்பி பாத்திருப்பான், யாராச்சும் ஒட்டு கேக்குறாங்களான்னு.

அகுஸ்து காலத்துல சிரியா ஆளுநர் கிரேனியு நடத்துன குடிமதிப்பு கிபி 6ல, இயேசு பொறந்தப்ப யூதேயாவ ஆண்டதா சொல்ற ஏரோது ராஜா செத்தது கிமு 4ல, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு ஒரு வரலாற்றுச் சிக்கல் இருக்கு, அறிஞர்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க. மறைக்க வேண்டியதில்ல. லூக்கா சொல்ல வர்றது அதனால அழிஞ்சு போகல, பேரரசு ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம், உண்மையான ராஜா யாரு?

அப்புறம் லூக்கா ஒரு சின்ன விவரத்த போற போக்குல சொல்லிட்டு போயிடுவாரு, பல பேரு கவனிக்கிறதே இல்ல. நாப்பது நாள் கழிச்சு எருசலேம் ஆலயத்துக்கு பிள்ளைய கொண்டு போறப்ப, ஒரு ஜோடி காட்டுப்புறா இல்லைன்னா ரெண்டு புறாக்குஞ்சு பலி குடுக்கப் போனாங்கன்னு எழுதுறாரு. லேவியராகமத்துல சட்டம் என்னன்னா ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கணும், ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாதவங்க மட்டும் ரெண்டு பறவை குடுக்கலாம். ஏழைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம, அந்தக் குடும்பத்தோட நிலைமைய காட்டிட்டாரு மனுசன்.

இந்த தாழ்ச்சி கதைக்கு கண்ணீர் வரவழைக்க சேத்த மசாலா கிடையாது, இதுதான் சாராம்சம்னு பவுல் பிலிப்பியருக்கு எழுதுனதுல தெரியும்: "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." கடவுள் எப்படிப்பட்டவர்னு கேட்டா கிறிஸ்தவம் குடுக்குற பதில் இந்த எறங்குறதுதான். அரண்மனையில பொறந்திருந்தாலும் மனுசனாத்தான் இருந்திருப்பாரு, ஆனா கடவுள் யாரு பக்கம் நிக்கிறாருன்னு நமக்கு தெரிஞ்சிருக்காது. பிள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே மரியாள் பாடுன பாட்ட பாருங்க, "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்." இந்தப் பாட்டு பல சபைகள்ல தினமும் சாயங்கால ஜெபத்துல வருது, நாம ராகத்தோட பாடிட்டு வீட்டுக்கு போயிடுறோம், அர்த்தம் மண்டையில ஏறுனா முன் பெஞ்சுல பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்குறவங்களுக்கு கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும்.

மத்தேயு வேற மாதிரி ஆளு. அவர் ஆரம்பிக்கிறதே வம்சப் பட்டியல்லருந்து, பொதுவா எல்லாரும் தள்ளிட்டு போற பக்கம் அது. ஆம்பள பேரா வரிசையா வர்ற பட்டியல்ல தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவின்னு நாலு பொம்பளைங்க பேரு நடுவுல நொழையுது, ஒவ்வொருத்தர் கதையிலயும் ஊரு வாய் வச்சு பேசுற மாதிரி ஏதோ ஒன்னு இருக்கு, ரூத் மோவாபிய வேத்து ஜாதிக்காரி, ராகாப் எரிகோவுல வேசி. அஞ்சாவதா மரியாள், கல்யாணத்துக்கு முன்னாடியே கர்ப்பம். கடவுள் மனுசனாகுறதுக்கு சுத்தமான குடும்பத்த தேடல, இருக்குற குடும்பத்துக்குள்ள வந்தாருன்னு மத்தேயு முதல் பக்கத்துலயே சொல்லிடுறாரு. ஜாதி பாத்து, குடும்பம் பாத்து, கல்லறையில கூட தனி தனி இடம் வச்சிருக்குற நம்ம ஊர் சபைங்க இந்தப் பட்டியல டிசம்பர்ல ஒரு தடவை சத்தமா வாசிச்சா நல்லா இருக்கும்.

அதுல யோசேப்பு, நம்ம ஊர் கத்தோலிக்கருக்கு சூசையப்பர், சுவிசேஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசுறது இல்ல. கனவு வரும், எந்திரிச்சு சொன்னத செய்வாரு, அவ்ளோதான். பேசாத அந்த மனுசனுக்குத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணின்னு 3615 பாட்டுல ஒரு காப்பியமே தமிழ்ல எழுதி வச்சிருக்காரு, வளன்னு பேரு குடுத்து. இத்தாலியிலருந்து வந்த ஒரு சாமியாருக்கு, இயேசுவ விட்டுட்டு அவர வளத்த தச்சர தலைவனா வைக்கணும்னு தோணியிருக்கு பாருங்க. கடவுள் குடும்பத்துக்குள்ள வந்தா, அந்தக் குடும்பத்துல சாதாரணமா வேலை செஞ்சு சோறு போட்டவனும் காப்பியத் தலைவன்தான்.

மத்தேயுவுல ஏரோது வர்றான். பெத்த பிள்ளைங்கள்லயே மூணு பேர கொன்னவன், அவனுக்கு ஊரான் பிள்ளை எம்மாத்திரம். பெத்லகேம் குழந்தைங்கள வெட்டுன கதை மத்தேயுவ தவிர அந்தக் காலத்து வேற எந்த நூல்லயும் இல்லங்கிறது உண்மை, ஆனா அவன் குணத்துக்கு அது ஒன்னும் புதுசு இல்ல. யோசேப்பு ராத்திரியோட ராத்திரியா பிள்ளைய தூக்கிக்கிட்டு எகிப்துக்கு ஓடுறாரு. பொறந்து கொஞ்ச காலத்துலயே கடவுள் அகதி.

இங்கதான் கிறிஸ்மஸுக்குள்ள இருக்குற சாவு வாடை தெரியும். நட்சத்திரத்த பாத்து கிழக்குலருந்து வந்த சாஸ்திரிங்க கொண்டு வந்த மூணு காணிக்கையில (மூணு ராஜாக்கள்னு பைபிள் எங்கயும் சொல்லல, எத்தனை பேருன்னும் சொல்லல, காணிக்கைதான் மூணு) பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் கடவுளுக்கு, வெள்ளைப்போளம் பிணத்துக்கு பூசுறதுக்குன்னு சபை ஆரம்பத்துலருந்தே வியாக்கியானம் பண்ணிட்டு வருது. யோவான் சுவிசேஷத்துல இயேசுவ அடக்கம் பண்றப்பவும் அதே வெள்ளைப்போளம் வருது. ஆர்த்தடாக்ஸ் சபைகளோட கிறிஸ்மஸ் ஐக்கன், அதாவது வழிபாட்டுக்கு வைக்கிற ஓவியம், பாத்திருக்கீங்களா, குழந்தை படுத்திருக்குறது ஒரு இருட்டு குகைக்குள்ள, தொட்டில் கல்லு சவப்பெட்டி மாதிரி இருக்கும், சுத்தியிருக்குற துணி பிணத்துக்கு சுத்துற துணி மாதிரியே இருக்கும். வேணும்னே அப்படி வரையிறாங்க. ஆலயத்துல பிள்ளைய கையில வாங்குன கிழவர் சிமியோன் வாழ்த்திட்டு, அம்மாக்காரிகிட்ட "உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்"னு சொல்லிட்டு போறாரு. பச்ச உடம்புக்காரிகிட்ட சொல்ற பேச்சா அது?

சர்ச் காலண்டரே இத மறக்க விடாது. டிசம்பர் 25 கிறிஸ்மஸ், 26 முதல் ரத்த சாட்சி ஸ்தேவான் திருநாள், கல்லெறிஞ்சு கொன்னாங்க, 28 ஏரோது கொன்ன மாசில்லா குழந்தைகள் திருநாள். கேக் காலியாகுறதுக்குள்ள ரெண்டு ரத்தம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்த கவனிங்க, கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்னு சொன்ன கையோட அடுத்தது பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார்னு வந்துடும், நடுவுல அற்புதம், பிரசங்கம், மலை, கடல் எதுவும் கிடையாது. பொறந்தது சாகுறதுக்கு. உடம்பு இல்லாதவரால சாக முடியாது, சாகாதவரால சாவுக்குள்ள போயி அத உடைக்க முடியாது, அதுக்குத்தான் உடம்பு. தலைப்புல இருந்த கேள்விக்கு கிறிஸ்தவ விசுவாசம் குடுக்குற நேரடி பதில் இதுதான். கத்தோலிக்க திருப்பலியில நைசியா விசுவாச அறிக்கை சொல்றப்ப மனிதர் ஆனார்ங்கிற இடத்துல மத்த நாள்ல தலைய தாழ்த்துவாங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கும் மார்ச் 25 அன்னிக்கும் மட்டும் முழங்கால் போடுவாங்க.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறு அட்வெந்து, கத்தோலிக்கர் திருவருகைக் காலம்னு சொல்லுவாங்க. பழைய முறைப்படி இது அடக்கி வாசிக்கிற காலம், பீடத்துல ஊதா துணி. வாசகங்கள்ல பாதி குழந்தைய பத்தியே இருக்காது, இயேசு ரெண்டாவது தடவை நியாயந்தீர்க்க வர்றத பத்தி இருக்கும். முதல் வருகை முடிஞ்சிருச்சு, ரெண்டாவது இன்னும் வரல, நடுவுல நாம. நம்ம ஊர்ல டிசம்பர் ஒன்னாந்தேதியே கேரல் ஆரம்பிச்சு கேக்கு வெட்டி, 25 வர்றதுக்குள்ள எல்லாருக்கும் அலுத்துப் போயிடுது, காத்திருக்குற பகுதி சுத்தமா காணாம போச்சு.

குடிலுக்கு வருவோம். 1223ல இத்தாலியில கிரேச்சியோங்கிற மலை கிராமத்துல அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை எல்லாம் கொண்டு வந்து நிறுத்துனாரு. பெத்லகேம்ல அந்தக் குழந்தை பட்ட வசதிக்குறைவ என் கண்ணால பாக்கணும்ங்கிறதுதான் அவரு சொன்ன காரணம். (மாடும் கழுதையும் சுவிசேஷத்துல கிடையாது, ஏசாயாவுல மாடு தன் எஜமானனையும் கழுதை தன் எஜமானன் முன்னணையையும் அறியும்னு வர்ற வசனத்துலருந்து வந்து சேந்துக்கிச்சு.) அந்த ராத்திரி அந்தத் தொட்டிக்கு மேலயே திருப்பலி வச்சாங்க. தீனி வைக்கிற தொட்டியில படுத்த உடம்பு, அப்பத்துல இப்பவும் நமக்கு சாப்பாடா வருதுன்னு அவர் கண்ணுக்கு முன்னாடியே காட்டிட்டாரு. 2023ல காசா போர் நடந்தப்ப பெத்லகேம்ல வெளிக் கொண்டாட்டம் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, அங்க இருக்குற லூத்தரன் சர்ச்ல குடிலுக்கு பதிலா உடைஞ்ச கான்கிரீட் குவியல் வச்சு நடுவுல குழந்தைய படுக்க வச்சாங்க. அரசியல் பண்றாங்கன்னு சில பேரு திட்டுனாங்க. அகுஸ்துவையும் ஏரோதையும் எடுத்துட்டா லூக்காவுலயும் மத்தேயுவுலயும் கதையே இல்லையே.

இத கொண்டாடாத கிறிஸ்தவங்களும் இருக்காங்க, அவங்கள சும்மா மொரடுன்னு தள்ளிட முடியாது. 1647ல இங்கிலாந்து நாடாளுமன்றத்துல பியூரிட்டன்கள்ங்கிற கண்டிப்பான புராட்டஸ்டண்ட்காரங்க கிறிஸ்மஸ தடை பண்ணாங்க, 1659ல மாசசூசெட்ஸ்ல கொண்டாடுனா அஞ்சு ஷில்லிங் அபராதம், 1681ல தான் எடுத்தாங்க, ஸ்காட்லாந்துல 1958 வரைக்கும் பொது விடுமுறையே இல்ல. நம்ம ஊர்லயும் சில பெந்தேகொஸ்தே சபைகள், பிரதரன் சபைகள் ஸ்டார் கட்ட மாட்டாங்க. பைபிள்ல கட்டளை இல்ல, மனுசன் கண்டுபிடிச்சது, குடிச்சு கும்மாளம் போடுற நாளாயிடுச்சுங்கிறது அவங்க வாதம். மூணாவது பாயிண்ட்ல எனக்கு முழு சம்மதம், நம்ம டிசம்பர் செலவு கணக்க பாத்தாலே தெரியும். ஆனா முதல் ரெண்டும் எனக்கு சரியா படல. வருஷத்துல ஒரு நாளாச்சும் வலுக்கட்டாயமா அந்த தொட்டி முன்னாடி நிக்க வைக்கலைன்னா, மனுச மூளை சீக்கிரமே மார்சியோன் பக்கம் சாஞ்சிடும், ஆவி நல்லது உடம்பு கெட்டது, பரலோகம் முக்கியம் பக்கத்து வீட்டு பசி முக்கியமில்லன்னு. கிறிசோஸ்தோம் மத்தேயு பிரசங்கத்துல கேட்டது நெஞ்சுல அறையும், ஆலயத்துக்குள்ள கிறிஸ்துவுக்கு பட்டு போர்த்துறீங்க, வெளிய அவர் துணி இல்லாம குளிர்ல கெடக்குறத கண்டுக்காம விடுறீங்களேன்னு. உடம்பு எடுத்த கடவுள நம்புறவன்கிட்டதான் இப்படி கேக்க முடியும்.

இன்னொன்னு, டிசம்பர் 26 காலையிலயே குடில பிரிச்சு அட்டைப்பெட்டியில போட்டுடாதீங்க. மேற்கத்திய சபை மரபுல ஜனவரி 6 திருக்காட்சி வரைக்கும் பன்னெண்டு நாள் கிறிஸ்மஸ்தான், சாஸ்திரிங்க இன்னும் வழியிலதான் இருப்பாங்க. பழைய ஜூலியன் காலண்டர பாக்குற ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு கிறிஸ்மஸே ஜனவரி 7. பெத்லகேம்லயே, இயேசு பொறந்த இடம்னு சொல்ற சர்ச்ல, ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 18 சாயங்காலம்தான் ஆரம்பிக்குது, அதனால கேரல் பிராக்டிஸ் பண்ண டைம் பத்தலன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது.